பூசைக்கு மறுநாள் வராத படம்

செண்பகராஜ் புதூரில் எட்டாவது வரை படித்தவர். மிச்சத்தை ரேடியோக்களின் முதுகைத் திறந்து படித்துக்கொண்டார். கோவில்பட்டியில் இருபது வருசமாக ரேடியோவும் டிவியும் பழுது பார்த்தார். அந்த வேலை குறையவும், மதுரையில் பழைய போர்டும் பழைய மானிட்டரும் வாங்கிவந்து தானே ஒரு கம்ப்யூட்டரைக் கூட்டிச் சேர்த்தார். மனைவி சுகுணா அதில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பாள். அது 2002ஆம் வருசம்.

ஒரு விசயத்தில் மனுசன் பிடிவாதம். ஆயுதபூசைக்கு மற்றவர்கள் பெட்டிக்கு மேலே பொட்டு வைப்பார்கள். செண்பகராஜ் திறந்து உள்ளே வைப்பார். வேலை செய்கிறது உள்ளே இருக்கிற சாமான், வெளித்தகரத்துக்கு எதுக்கு மரியாதை என்பார். ரேடியோ ஒன்றும் இதுவரை கோவித்துக்கொண்டதில்லை.

பூசையன்று மாலை ஸ்டெல்லாமேரி வந்தாள். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தவள். ஃபிளாப்பியில் ஏற்றிச் சிவகாசி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

“பூசையில வச்ச சாமானை இன்னைக்குத் தொடக் கூடாது. காலையில வாங்க” என்று அனுப்பிவிட்டார் செண்பகராஜ்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பதினொரு மணி சிவகாசி பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஃபிளாப்பியைக் கொடுத்தால்தான் சனிக்கிழமைக்குள் பத்திரிகை வரும். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிச் சொந்தமெல்லாம் கூடுகிறது. அன்றைக்குக் கையில் பத்திரிகை இல்லையென்றால் வீடு வீடாக அலைய வேண்டும்.

செண்பகராஜ் சூடம் காட்டிவிட்டு சுவிட்சைப் போட்டார். உள்ளே விசிறி சுற்றியது. மானிட்டரில் மட்டும் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் ‘நோ சிக்னல்’ என்று ஒரு சின்னப் பெட்டி நகர்ந்து நகர்ந்து போனது.

வயரைக் கழற்றி மாட்டினார். மானிட்டரின் முதுகில் ரெண்டு தட்டு தட்டினார். வேறு பிளக்கில் சொருகினார். திரையில் அந்தப் பெட்டி அதுபாட்டுக்கு நகர்ந்தது.

“வோல்டேஜ் சரியில்ல” என்றார்.

“பக்கத்து மில்லுக்கு ஓடுத கரண்டுதானே இங்கனயும் வருது அண்ணாச்சி?” என்றாள் ஸ்டெல்லாமேரி. கண் கடிகாரத்தில் இருந்தது. பத்து இருபது.

“ஏட்டி, நீ எதையாவது நோண்டினியா?” என்று மனைவி பக்கம் திரும்பினார்.

“நான் எங்க நோண்ட? நீங்கதான் தொடவே விடலையே.” சுகுணா குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியோடு காதை வைத்தாள். “என்னைக்கும் ஒரு தடவை ‘பீப்’னு கத்தும். இன்னைக்கு நீட்டி நீட்டிக் கத்திட்டே கெடக்கு, கேக்கலையா?”

செண்பகராஜுக்குக் கேட்கவில்லை. இருபது வருசம் ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டிய காது.

“இப்படிக் கத்துனா ரேம் சரியா உக்காரலைன்னு அர்த்தம். நான் படிச்ச கம்ப்யூட்டர் கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருக்காவ. தெறங்க.”

“நேத்துதான திறந்து மூடினேன். எல்லாம் ஜோரா இருந்துச்சு.”

“அதான் சொல்லுதேன், தெறங்க!”

கரண்டைப் பிடுங்கிவிட்டுத் திறந்தார். உள்ளே ஒவ்வொரு சாமானிலும் சந்தனமும் குங்குமமும் அழகாக உட்கார்ந்திருந்தன. கம்ப்யூட்டரின் ஞாபகத்தை வைத்திருக்கிற பலகை அந்த ரேம்தான் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதற்கு மட்டும் கட்டைவிரலால் பெரிய பொட்டாக வைத்திருந்தார். சந்தனம் தண்ணியாக இருந்திருக்கிறது. பலகை வழியே வழிந்து, அது சொருகியிருந்த குழிக்குள் இறங்கிக் காய்ந்துபோய்க் கிடந்தது.

மூன்று பேரும் பார்த்தார்கள். கட்டைவிரல் ரேகைகூடத் தெரிந்தது.

செண்பகராஜ் பலகையைப் பிடுங்கி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். குழியைப் பழைய பல்விளக்கும் பிரஷால் சுரண்டினார். அடியில் ஒட்டியது வரவில்லை. பக்கத்தில் இன்னொரு குழி சும்மா இருந்தது. அதில் பலகையை வைத்து அழுத்தினார். ‘டக்’ என்று பிடித்தது.

சுவிட்சைப் போட்டார். இந்தத் தடவை ஒரே ஒரு ‘பீப்’. சுகுணாதான் தலையாட்டினாள். திரை வெளுத்து, எழுத்து ஓடியது.

பத்து நாற்பத்தைந்துக்குப் பத்திரிகை ஃபிளாப்பியில் ஏறியது.

“என்ன கோளாறு அண்ணாச்சி அது?” ஸ்டெல்லாமேரி தெரிந்துகொண்டே கேட்டாள்.

வோல்டேஜ் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சுகுணா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான்தாம்மா கோளாறு” என்றார். “நேத்தே எடுத்துக் குடுத்திருந்தா இந்தப் பாடு இல்ல. உக்காருங்க, நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்.”

“அடுத்த வருசம் அந்தச் சந்தனத்தை உங்க நெத்தியில வச்சுக்கோங்க” என்றாள் சுகுணா. ஸ்டெல்லாமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிவிஎஸ்ஸை மிதித்தார். பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் கையில் கொடுத்து, அச்சகத்துக்காரர் பெயரை ரெண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

திரும்பி வந்ததும் மறுபடியும் கரண்டைப் பிடுங்கி மூடியைத் திறந்தார். காய்ந்த துணியால் ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தார். ஸ்குரூடிரைவர் கைப்பிடியில் இருந்த பொட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்.