முதல் மகளின் ஒரே படம்

எங்கள் முதல் குழந்தை உயிரில்லாமல் பிறந்தாள். வடக்கே ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சிறிய மருத்துவமனை. நர்ஸ் அவளைத் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பார்த்துவிட்டால் மறக்க முடியாது என்று அம்மா சொல்லியிருந்தாள். என் கணவர்தான் வாங்கிக்கொண்டார். ஜன்னலோரம் வெளிச்சத்தில் போய் நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தார். இதையெல்லாம் படம் எடுப்பார்களா என்று அம்மா பதறினாள். அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அவளுக்காகப் பின்னி வைத்திருந்த ஸ்வெட்டர்களை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள்.

சில வருஷம் கழித்து மகன் பிறந்தான். அவன் தூங்குவது, தும்முவது, சோற்றைத் துப்புவது எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். யாராவது முதல் குழந்தையா என்று கேட்டால் ஆமாம் என்பேன். அப்போதெல்லாம் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒரு ஜனவரி மதியம், மொட்டை மாடி வெயிலில் பையனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்குக் காது மடல் லேசாக மடிந்திருக்கும். அவளுக்கும் இப்படித்தான் இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படம் இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை. "போன் மாத்தறப்பல்லாம் முதல்ல அதைத்தான் பத்திரமா மாத்துவேன்," என்றார்.

எடுத்துக் கொடுத்தார். தலை நிறைய முடி. உதடு கருத்திருந்தது. நெற்றி அப்படியே என் அப்பாவுடையது. காது மடிந்திருக்கவில்லை. நான் இத்தனை நாளாகப் பயந்தது மாதிரி அதில் ஒன்றுமே இல்லை. ஒரு குழந்தைதான் இருந்தாள். அவர் பையனைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் மார்க்கெட்டில் பிரிண்ட் போடக் கொடுத்தோம். கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "ஸோ ரஹீ ஹை?" என்று மெதுவாகக் கேட்டார். தூங்குகிறாளா என்று. "ஹாங், பையா," என்றேன். ஆமாம் அண்ணா என்று.

பையனின் ஆல்பத்தில் அவன் படங்களுக்கு முன்னால் அதை ஒட்டினேன். அடுத்த முறை வந்த அம்மா ஆல்பத்தைத் திறந்தவள் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"நானும் அன்னிக்குச் சரியாப் பாக்கலைடி," என்றாள்.