ஊர்ப் பெயர் எழுதாத பதினான்கு குழாய்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'கரெக்‌ஷன் அக்கா' என்று பெயர். நேரில் வெறும் 'அக்கா'. மிச்சம் அவள் நகர்ந்த பிறகு. எந்த நாட்டில் ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து இவர்கள் ஆராயும் ரெட்ரோவைரஸின் மரபணு வரிசையைப் படித்தாலும், பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவைப்பார்கள். அப்படி ஏற்றியதில் நாலாயிரத்துச் சொச்சத்தை இறக்கி, எந்த ஊர், எந்த வருஷம் என்று சரிபார்ப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அடுத்தவர் தப்பைப் பிடித்தவள்.

அவள் கொடுப்பதை வைத்து வைரஸின் வம்சாவளியைக் கிளைகிளையாக வரைகிறவரை மரக்காரர் என்பார்கள். இந்த முறை அவர் மரத்தில் ஒரு கிளை தூரத்துத் தீவு ஒன்றில் முளைத்து, நேராக இந்த ஊரில் வந்து இறங்கியது. ஆதாரம் பதினான்கு வரிசைகள். 'கப்பலில் வந்த தொற்று' என்று கட்டுரை வெள்ளிக்கிழமை போக வேண்டும். துறைமுகத்தில் பரிசோதனைக் கூடம் போடவும் பேச்சு.

வியாழன் காலை, கடைசியாக ஒருதரம் பார்த்தவளுக்கு அந்தப் பதினான்கின் ரத்த மாதிரி எண்கள் எங்கேயோ கண்டவை போலிருந்தன. முதலில் வார்டு எழுத்து, ஒரு சாய்கோடு, பிறகு படுக்கை எண். இந்தக் கோணங்கி முறையை உலகத்திலேயே ஒருத்திதான் வைத்திருந்தாள். இங்கே வருவதற்கு முன் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தபோது, அவளேதான். மரபணு வரிசை படிக்கத் தீவிலுள்ள கூடத்துக்கு ஐஸ் பெட்டியில் ரத்த மாதிரிக் குழாய்களை அனுப்பியவளும் அவள்தான். 'ரத்தம் எடுத்த ஊர்' என்ற கட்டத்தை, தெரிந்ததுதானே என்று காலியாக விட்டிருந்தாள். தீவுக்காரர்கள் தங்கள் நாட்டையே எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பழைய அனுப்புப் பதிவேட்டைப் புரட்டச் சொன்னாள். பதினான்கும் இருந்தன. கடல் தாண்டியது வைரஸ் அல்ல, குழாய்.

வாயை மூடிக்கொண்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது. திறந்தால் மரக்காரரின் மூன்று மாத வேலையும் அவள் பெயரும் போச்சு. மத்தியானம், பஸ் ஓட்டுகிற கணவனைப் போனில் பிடித்தாள்.

"இத்தனை வருஷம் எல்லார் காதையும் திருகினேங்க. இப்ப என் காதை நீட்டணும்."

"ஏம்மா, நான் தினம் நீட்டலையா? இன்னும் கழண்டு விழல. போய்ச் சொல்லு."

மரக்காரரையும் ஆய்வுக்கூடத் தலைவியையும் ஒன்றாக நிறுத்திச் சொன்னாள். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"காலியா விட்டது நீங்களா? நீங்களா அக்கா?" என்றார் மரக்காரர்.

"நானேதான்."

"நேத்து ஒரு தேதியை விட்டதுக்கு என்னை அரை மணி நேரம் வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே!"

"அதுவும் தப்புதான். ரெண்டும் தப்பு."

தலைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கட்டுரை நாளைக்குப் போக வேண்டாம். மரத்தை மறுபடி போடுங்க."

ஊரை மாற்றிப் போட்டபோது கிளை தீவைவிட்டு இங்கேயே வேர்விட்டது, அவர்கள் நினைத்ததற்கும் ஏழு வருஷம் முன்னதாக. துறைமுகத்தில் தேடியிருந்தால் தேடிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

அன்றே தீவுக் கூடத்துக்குத் திருத்தம் கேட்டு எழுதினாள். திங்களன்று பதில் வந்தது: மிக்க நன்றி, மாற்றிவிட்டோம், நீங்கள் அனுப்பியவற்றில் இன்னும் இருபத்தாறு குழாய்கள் ஏற்றப்படாமல் உள்ளன, எல்லாவற்றிலும் ஊர் காலி.

"மரக்காரரே," என்றாள், "நாற்காலியை இப்படி இழுத்துப் போடுங்க."