விசர் என்ற சொல் திரும்பி வந்த நாள்

எங்கள் வீட்டில் ‘விசர்’ என்றால் வசை அல்ல. பைத்தியம் என்றுதான் பொருள். ஆனாலும் கறிக்கு உப்புக் கூடினால் விசர், பஸ் பிந்தினால் விசர், குளிரில் தொப்பி போடாமல் போனால் முழு விசர். மகளுக்குப் பதினாறு வயதில் மனச்சோர்வு வந்து, அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அந்தச் சொல்லுக்கு நானே தடை போட்டேன். கணவர் ஒருநாள் வாய் தவறி “விச...” என்று தொடங்கி, “விசா எடுக்க வேணும்” என்று முடித்தார்.

மகளோ எதற்கும் “ம்” என்பதோடு நின்றாள். கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

அவளைக் காட்டுகிற மனநலக் கிளினிக்கில் சில மாதத்துக்கு ஒருமுறை இரண்டு படிவம் தருவார்கள், அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. போன கிழமை ஏழு நாளும் நன்றாக நித்திரை கொண்டாளா? சிநேகிதிகளோடு சிரித்தாளா? நோயை அல்ல, அவள் வாழ்கிற வாழ்க்கையை அளக்கிறோம் என்றார் நேர்ஸ். முதல் தடவை, மாரிக் குளிரில், நான் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று அடையாளம் போட்டேன். பிறத்தியார் கேட்டால் சுகம் என்று சொல்லித்தானே பழக்கம்! மகள் எல்லாவற்றுக்கும் ‘மிக மோசம்’ என்று போட்டிருந்தாள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்த ஜூனில் உண்மையை எழுதுவதென்றே பேனையை எடுத்தேன். சிநேகிதிகளோடு ஏரிக்கரையில் மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்க அவளுக்கு ஆசை. டொக்டர் இந்தத் தாள்களையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார். ‘பெற்றோரோடு சண்டை உண்டா?’ என்று ஒரு கேள்வி. ஒரு மாதமாக உடுப்பு, சாப்பாடு, போன் என்று ஓயாத சண்டை. ‘எப்போதும்’ என்று போட்டேன்.

எட்டிப் பார்த்த மகள் துள்ளி எழும்பினாள்.

“அம்மா! உங்களுக்கென்ன விசரோ? இதைப் பாத்தா என்னைப் போக விடுவினமோ?”

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்கக் கண்ணால் தண்ணீர் ஓடியது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டு, “இஞ்ச வந்து இருந்துகொண்டு உங்களைக் கேக்கிறன், என்ன!” என்று குலுங்கினாள்.

சத்தம் கேட்டு வந்த நேர்ஸ் இரண்டு தாளையும் வாங்கினார். அந்தக் கேள்விக்கு மகளும் ‘எப்போதும்’ என்றுதான் போட்டிருந்தாள்.

“நீயும் அதைத்தானே போட்டிருக்கிறாய்?” என்றேன்.

“நான் உண்மை சொன்னனான். நீங்கள் வழமை மாதிரிப் பொய் சொல்லுவியள் எண்டு நம்பியிருந்தன்!”

மாரியில் இவளுக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பு இருக்கவில்லையே என்று நேர்ஸ் சிரித்தார். டொக்டரும் ஏரிக்கரைக்குப் போய்வரச் சொன்னார்.

மெட்ரோ வாசலில் நின்று கணவருக்குப் போன் எடுத்தேன். “பிள்ளை என்னை விசரோ எண்டு கேட்டவள். எல்லாருக்கும் முன்னால.”



“உண்மையாவோ?” என்று இரண்டு தரம் கேட்டார். “அப்ப வரேக்க ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வாறன்.”