குழம்பில் கிடைத்த காதுக்கல்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எழுபத்தாறு என்பது ஐசியில், அடையாள அட்டையில், உள்ள கணக்கு. எஸ்டேட்டில் பிறந்த எனக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒரு வருடத்தை எழுதினார். அதுவே என் வயதாயிற்று.

அலோர் காஜா பசாரில், மகனுடைய மீன்கடையில், இன்றைக்கும் காலையில் மீன் வெட்டுவது நான்தான். என் கத்திக்கு ஈடு அங்கே கிடையாது. நானே சொல்லக் கூடாது. வேறு யார் சொல்வார்கள்?

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்தாள். பல்கலைக்கழகத்தில் மீனைப் பற்றிப் படிக்கிறவள்.

"பாட்டி, ஈக்கான் மேரா, இந்தச் சிவப்பு மீனு, அதோட தலைய முழுசா எடுத்து வைங்க. வெட்டிராதீங்க. காதுக்குள்ள கல்லு இருக்கு, அதுல மீனோட வயசு தெரியும்."

"என் வயசே எனக்குச் சரியாத் தெரியாது. மீனுக்குத் தெரியுமா?" என்று சிரித்தேன்.

ஆனாலும் எடுத்து வைத்தேன். அவள் வந்து ஒவ்வொரு மீனையும் அளந்து நோட்டில் எழுதுவாள், தலையைப் பையில் போட்டுக்கொள்வாள். நான் கொடுத்ததெல்லாம் சின்ன மீனும் நடுத்தர மீனும்தான். பெரிய மீனைப் பார்த்தாலே வயது தெரியாதா, அதற்கு எதற்குக் கல் என்பது என் எண்ணம்.

ஒரு நாள் என் கை நீளத்துக்கு ஒரு சிவப்பு மீன் வந்தது. மீன்தலைக் குழம்பு விற்கிற பக்கத்துக் கறிக்கடைக்காரர் தலைக்காகக் காத்து நின்றார். குழம்புக்கு வெட்டுகிற மாதிரி, ஒரே போடாகத் தலையை இரண்டாகப் பிளந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். உடம்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தலை எங்க பாட்டி?"

"கறிக்கடைக்குப் போயிருச்சு. நாலு வயசு மீனும்மா, நான் சொல்றேன், எழுதிக்க."

அவள் கண் கலங்கிவிட்டது. "பெரிசு ஒன்னுகூட இல்லாம இந்த மீனு எத்தன வருஷம் வாழுதுன்னு எப்படிப் பாட்டி சொல்றது? அடுத்த மாசம் எல்லாத்தையும் ஒப்படைக்கணும்."

கத்தியைப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கறிக்கடைக்கு ஓடினேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா, வித்த தலைய திரும்பக் கேக்குறீங்களா? சட்டியோட தூக்கிட்டுப் போங்க லா!" என்றார் கறிக்கடைக்காரர்.

அகப்பையால் இரண்டு பாதியையும் எடுத்தேன். ஒரு பாதியில் என் கத்தி பட்டுக் கல் நொறுங்கியிருந்தது. மற்றதில் மூளைக்குக் கீழே இடுக்கியை விட்டு அவள் ஒன்றை எடுத்தாள். புளியங்கொட்டையில் பாதி இருக்கும். மஞ்சள் ஏறியிருந்தது.

"வெந்துபோச்சேம்மா!"

"கல்லு வேகாது பாட்டி," என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு வாரம் கழித்து அவள் படிக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாள். கல்லைப் பிசினில் பதித்து, காகிதம் போல மெல்லிசாகச் சீவி, பூதக்கண்ணாடிக் கருவிக்கு அடியில் வைத்திருந்தாள். கண்ணை வைத்தேன். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த மாதிரி வட்டத்துக்குள் வட்டம். ஒரு வெளிச்ச வட்டமும் ஒரு இருட்டு வட்டமும் சேர்ந்தால் ஒரு வருடமாம். நடுவில் அகலம் அகலமாக இருந்தது, அது வேகமாக வளர்ந்த காலம். ஓரத்துக்குப் போகப்போக நெருக்கம். உடம்பு வளர்வது குறைந்தாலும் வட்டம் போடுவதை அது நிறுத்தவில்லை.

"நீங்களும் எண்ணுங்க பாட்டி. நானும் கூடப் படிக்கிறவளும் தனித்தனியா எண்ணுவோம். எண்ணும்போது மீனு எவ்வளவு பெரிசுன்னு நோட்டுல பாக்க மாட்டோம். பாத்தா கண்ணு ஏமாத்திரும்."

எனக்குக் கிராணி நினைவு வந்தார். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பதினெட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஓரத்தில் தலைமுடி போல இன்னொன்று இருந்தது. பத்தொன்பது. அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அதிலும் பத்தொன்பது.

என் கடைசிப் பேத்திக்கும் பத்தொன்பது வயது. அவள் தொட்டிலில் கிடந்தபோது இதுவும் கடலில் விரலளவுக் குஞ்சாக இருந்திருக்கும். எழுதிவைக்க யாரும் இல்லை. தானே தன் தலைக்குள், வருடம் தவறாமல் எழுதியிருக்கிறது. முள்ளும் செதிலுமாக எத்தனை ஆயிரம் தலைகளைப் பிளந்திருப்பேன்! ஒன்றைக்கூட நான் படித்ததில்லை.

எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதினேன். பேத்தி பக்கத்தில் இருக்கிறாள்.

"வாசிம்மா, சத்தமா வாசி. நாலு வயசுன்னு நான் சொன்னேன்ல, அந்த இடத்த விட்டுறாத."