கடலில் போன கைலிகள்

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு போர் மூண்டதும் கடற்படைக் காவல் இறுகியது. அப்போதும் அருப்புக்கோட்டையில் என் தறிகளில் நெய்த கைலிகளைக் கள்ளத்தனமாக இலங்கைக்குக் கொண்டுபோனவர் வீரசோழன் ஊர் வியாபாரி ஒருவர். ஆறடி உயரம், பேசும்போது தாடியை நீவிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் வந்து, லோடு முழுவதும் கடலில் போய்விட்டதென்றார். நடுக்கடலில் மீன்படகு ஒன்று கவிழ்ந்திருக்கிறது. தத்தளித்தவர்களை ஏற்ற இடமில்லாமல் கைலிக் கட்டுகளைத் தள்ளிவிட்டார். ஒருவருக்கு மூச்சுத் திணறவே, வைத்தியத்துக்காக நேராகக் கடற்படைக் கப்பலுக்கே வள்ளத்தைச் செலுத்தியிருக்கிறார்.

“பிடிச்சிருந்தா என்ன பாய் செஞ்சிருப்பீங்க?”

“வெறும் வள்ளத்துல என்னத்தப் பிடிப்பாக? ஆளு பொழைச்சுட்டான். டீ குடுத்து அனுப்புனாக. நீங்க அடுத்த லோடு நெய்ங்க செட்டியாரே, வாரேன்.”

அத்தனை சரக்கையும் தள்ளுமுன் ஒரு கணமாவது தயங்கினாரா? கேட்கத் தோன்றவில்லை. மறுநாளே தறியில் பாவு நூல் ஏற்றினேன்.