வெயிலில் காயவைத்த பாட்டில்கள்

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்குப் பிளாஸ்டிக் கடை. மொத்த வியாபாரம். கவர், கப், டப்பா, பாட்டில், கயிறு என்று உள்ளே நுழைந்தால் மனுஷன் நிற்க இடம் இருக்காது. எங்கள் மகளின் படிப்பு, அவள் ஊர்க் கோடியில் கழக்கூட்டத்தில் இருக்கிற கம்பெனிக்குப் போய்வருகிற ஸ்கூட்டர் எல்லாம் அந்தக் கடையில் விளைந்ததுதான். ஆனால் அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் ‘பிசினஸ்’ என்பாள். என்ன பிசினஸ் என்று மேலே கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

பள்ளிக்கூடத்தில் பசுமைச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. ஆண்டு விழா நாடகத்தில் பூமாதேவி வேஷம் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் அரக்கனை ஈட்டியால் குத்தினாள். அரக்கனின் உடம்பெல்லாம் சுற்றியிருந்த கவர்கள் எங்கள் கடையிலிருந்து இலவசமாகப் போனவை. இவர் முன்வரிசையில் உட்கார்ந்து, அரக்கன் விழுந்தபோது எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

வாய்விட்டு அவர் சொன்னதில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். ஒரு தடவையாவது அவள் நாலு பேர் முன்னால் ‘இது எங்கப்பா, இன்ன கடை வைத்திருக்கிறார்’ என்று சொல்ல வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

போன மீன மாதம், நம் பங்குனியில், அவள் ஆபீஸில் பசுமை தினம் கொண்டாட முடிவு செய்தார்கள். பிளாஸ்டிக் வேண்டாமாம். மக்காச்சோளத்தில் செய்த பாட்டிலில் ஆளுக்கொரு சம்பாரம், அதாவது இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப்போட்ட மோர், கொடுக்கப்போகிறார்களாம். “அப்பா, அந்தப் பாட்டிலை நீங்க வரவழைச்சுத் தர முடியுமா? ஸ்டேஜ்ல உங்களைக் கூப்பிடுவாங்க, கேட்டோ. ஆனா பிளாஸ்டிக் கடைன்னு சொல்லாண்டாம். பேக்கேஜிங் சொல்யூஷன்ஸ்னு சொன்னா போதும்” என்றாள்.

இவர் குளியலறைக்குள் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். முதல் நாள் நான் ஏதோ புது மந்திரம் என்று நினைத்துவிட்டேன்.

பெட்டிகள் வந்து இறங்கின. சோளப் பாட்டில் ஒவ்வொன்றும் ஒரு பாலிதீன் உறைக்குள். பெட்டிக்கு மேலே இன்னும் தடிமனாகப் பாலிதீன். சோளத்துக்கு இத்தனை சட்டை எதற்கு என்று கேட்டேன். “வார வழியில கெட்டுப் போயிரக் கூடாதுல்லா” என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததுதான் வினை. கெட்டுப்போகிற சரக்கை அவர் வாழ்நாளில் விற்றதில்லை. பிளாஸ்டிக்கை மச்சில் தூக்கிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். தூசிதான் ஏறும். இது தானியத்தில் செய்தது, மண்ணோடு மண்ணாகிவிடும் என்று பாட்டில் கம்பெனிக்காரர் போனில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எப்போது ஆகும் என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் இல்லை. விழாவுக்கு முன்னாலேயே ஆகிவிட்டால்? இவர் நேரே பக்கத்துத் தானியக் கடை அண்ணாச்சியிடம் போய் நின்றார்.

“சோளமா? அப்போ வண்டு விழும்லா வே” என்றார் அண்ணாச்சி. “ஈரம் பட்டா பூஞ்சை புடிக்கும். ஒரு நாள் நல்ல வெயில்ல காட்டி, வேப்பிலை போட்டு வச்சிரும்.”

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். “அது பாட்டிலாக்கும். பயறு இல்ல.”

“ஒனக்கு என்ன தெரியும்? அண்ணாச்சி பொறந்ததுலேருந்து தானியத்துல கெடக்க ஆளு.”

விழாவுக்கு முந்தின நாள் காலையில் மொட்டை மாடியில் என் வடகத்துக்குப் பக்கத்தில் சோளப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. காக்கை எச்சமிடக் கூடாதே என்று கடையிலிருந்து கண்ணாடி மாதிரித் தெரிகிற தடித்த பாலிதீன் ஷீட்டைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மூடி, சுற்றிலும் செங்கல் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

மதியம் சாப்பிட வந்தவர் மேலே போவதற்குள் வடகத்தைத் திருப்பிப் போட நான் போனேன். வடகம் நன்றாகக் காய்ந்திருந்தது. பாட்டில்கள் சுருங்கி, இடுப்பு ஒடிந்து, கழுத்து கோணி, பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறவர்கள் மாதிரி ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்திருந்தன. மேலே போர்த்தியிருந்த பாலிதீனுக்கு ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்க வந்தது.

பின்னாலேயே ஏறி வந்த அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஒரு பாட்டிலை எடுத்து மூடியைப் போட்டுப் பார்த்தார். ஏறவில்லை. “மொதத் தடவையா அவ என் கடையிலேருந்து ஒரு சாமான் கேட்டா” என்றார்.

சாயங்காலம் மகள் வந்து பார்த்தாள். திட்டவில்லை. “வேற ஸ்டாக் கிடைக்குமா அப்பா?”

“இனிமே கெடைக்காது மக்களே.”

மூடி ஏதோ ஒருவிதமாக ஏறுகிற பாட்டில்களைப் பொறுக்கி அவளே பெட்டியில் அடுக்கினாள். நான் வரவில்லை என்றார் இவர். வரணும் என்றாள்.

மறுநாள் ஏ.சி. ஹாலில், பிளாஸ்டிக்குக்கு விடைகொடுப்போம் என்று வீட்டுக் கூரை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பேனர். அதன் கீழே மேஜையில் எங்கள் கோணல் பாட்டில்கள். நான் கடைசி வரிசையில் ஒளிந்துகொண்டேன். முதலில் எடுத்த பெண் “அய்யோ, எந்து க்யூட்!” என்றாள். ஒன்றைப் போல ஒன்று இல்லையே என்று அடுத்தவள் படம் எடுத்தாள். தாடி வைத்த மேனேஜர் மேடை ஏறி, இயற்கையில் நேர்கோடு கிடையாது, இந்தப் பாட்டில் இயற்கையிடம் பாடம் கற்றிருக்கிறது, இதை வடிவமைத்தவர் நம்மிடையே இருக்கிறார் என்று இவரைக் கூப்பிட்டுப் பாலியஸ்டர் பொன்னாடை போர்த்தினார். ஹாலே கைதட்டியது.

மந்திரத்தைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் டப்பா மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலே, வாங்குகிறவர் கேட்பதற்கு முன்னால் திருப்பி எடுத்துக்கொள்கிற மனுஷன். கெட்ட சரக்குக்குக் கிடைத்த பாராட்டு அவருக்குப் பொறுக்கவில்லை. தமிழ் ஒட்டிக்கொண்ட தன் மலையாளத்தில் மைக்கில் சொன்னார்: “சாரே, இது டிசைன் இல்ல. சோளம்னாங்க. வண்டு விழுமேன்னு மாடியில வெயில்ல காயப்போட்டேன். கோணிப் போச்சு. நல்ல பாட்டில் நேரா நிக்கும். எல்லாரும் மன்னிக்கணும்.”

ஹால் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. மேனேஜரின் புன்னகை பாட்டில் அளவுக்குக் கோணியது. இவர் மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். மேடை ஓரத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். போச்சு, இனி ‘பிசினஸ்’கூடச் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் வந்து மைக்கை வாங்கினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “இது எங்கப்பா. சாலைக் கடைத்தெருவுல பிளாஸ்டிக் கடை வச்சிருக்கார்” என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மடியில் ஒரு கோணல் பாட்டில், குடிக்காத சம்பாரத்தோடு.

“ஏட்டி, பிளாஸ்டிக் கடைன்னுதானே சொன்னா?”

“ஆமா.”

“பிசினஸ்னு சொல்லல்லியே?”

“இல்ல.”

“மைக்குல.”

“மைக்குலதான்.”

மூடி சரியாக மூடாமல் சம்பாரம் அவர் வேட்டியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.