குதிரை ஏறாத மாப்பிள்ளை

எனக்குப் பவுத்திரம் இருந்தது. எழுதும்போதே கை கூசுகிறது. ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து உடைந்து, ஆறாமல் உள்ளே புரையோடிச் சீழ் வடிகிற நோய். உள்ளூர் வைத்தியர் மேலாகக் கீறிவிட்டார். அந்த வாய் மூடியது, பக்கத்திலேயே இன்னொரு வாய் திறந்தது. வேட்டியில் கறை தெரியுமே என்று பயந்து, நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் நான் தூணில் சாய்ந்து நிற்கப் பழகிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்டரமாணிக்கத்தில் எனக்குப் பெண் பேசி முடித்தார்கள். வேறு வழியில்லாமல் என்னைப் பெற்ற அப்பச்சியிடம் சொன்னேன். அவர் மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தார். பிறகு நான் ஒருத்தன் அங்கே கிடப்பதையே மறந்தவர்போல் அப்பச்சியிடம் பேசினார்.

"ரெண்டு வழி இருக்கு. மயக்கம் கொடுத்துப் புரை முழுசையும் ஒரே வெட்டா வெட்டித் திறக்கலாம். சீக்கிரம் ஆறும். ஆனா இவருக்குப் புரை ஆழம். மலத்தை அடக்குற சதைக்குள்ளேயே போகுது. அதை வெட்டினா அடக்க முடியாமப் போயிரலாம்."

"இன்னொண்ணு?"

"புரைக்குள்ள பட்டு நூலைக் கோத்து முடிஞ்சு விடுறது. அப்பப்ப வந்து இறுக்கிக்கணும். நூல் கொஞ்சங்கொஞ்சமா அறுத்துக்கிட்டே வரும், பின்னாலேயே சதை கூடும். மாசக்கணக்குல ஆகும்."

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? "முகூர்த்தம் வச்சாச்சுங்க, வெட்டியே விட்டுருங்க" என்றார் அப்பச்சி. நான் படுத்தபடியே, "நூலே போடுங்க" என்றேன். அவர் பேச்சை நான் மீறியது அதுதான் முதல் தடவை, அதுவும் வேட்டியில்லாமல்.

ஆக, நூலோடுதான் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை ஏறியாக வேண்டும். சேணத்தை நினைத்தாலே உயிர் போயிற்று. "மாப்பிள்ளை குதிரை வேண்டாமுங்கிறாக" என்று அப்பச்சி பெண் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது? பெரிய வீடுகளில் மோட்டார் வர ஆரம்பித்திருந்த காலம். குதிரை வேண்டாமென்றால் மோட்டார் கேட்கிறோம் என்று பெண் வீட்டார் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். மாமனார் எங்கெங்கோ அலைந்து புதுக் காரையே வாங்கிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

மாலையும் கழுத்துமாக ஒரு தொடையில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வீதி சுற்றினேன். "காரு குடுத்தும் மாப்பிள்ளை மூஞ்சி தெளியலையே" என்று யாரோ ஒரு ஆச்சி சொன்னது நன்றாகக் காதில் விழுந்தது.

மனைவியிடம் மறைக்க முடியுமா? கட்டுத்துணியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப, காரு நீக கேக்கலையா?"

"இல்லை."

"ஆசை பிடிச்ச எடத்துல பொண்ணைக் குடுத்துட்டோமேன்னு எங்க அப்பச்சி அழுதாக. நான் போய்ச் சொல்லட்டுமா?"

"சொல்லாத. ஆசை பிடிச்சவன்னே இருந்துட்டுப் போறேன்."

அவள் சொல்லவில்லை. நூல் தன் வேலையை முடித்துத் தானாக விழுந்தது. புண் ஆறிவிட்டது, அடக்கும் சதைக்கும் பழுதில்லை. மகன் பிறந்தபோது மாமனார் வீட்டுக்குப் போனேன். என்னை மரியாதையாக உட்காரவைத்துவிட்டு அவர் உள்ளே போனார். தணிந்த குரலில் மகளிடம் கேட்டார்: "பேரன் பொறந்ததுக்கு மாப்பிள்ளை என்னத்தா எதிர்பாக்குறாக? கேட்டுச் சொல்லு."

நான் வெளியே வலியில்லாமல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அப்போதும் எனக்கு நாக்கு எழவில்லை.